நோயல்ட கேற்

இல்ல டொக்டர், உள்ளுக்கு வேணாம். இந்த விறாந்தையே போதும், இந்தக் கதிரையும் நல்லாத்தான் இருக்கு. சப்பாத்தெல்லாம் ஒரே சேறு. கழட்டினா மறுகா குனிஞ்சு போடோணும், முதுகு விடாது. உங்கட மிஸிஸ் வாசல்ல தட்டு வெச்சு சப்பாத்தெல்லாம் வடிவா அடுக்கி வெச்சிருக்காங்க, நம்மட ஆக்கள்ட வீடு எண்டு கண்டவுடனே தெரியுது. கேற்றப் பத்தி யோசிக்காதீங்க. சாத்திட்டுத்தான் வந்தன். சங்கிலியும் போட்டுட்டன்.

சத்தமாக் கதைக்கனா? குறை நினைக்காதீங்க. டண்டினோங்குல தகரம் அமத்துற மெஷின்ல வேலை. அந்த இரைச்சலுக்குள்ள கத்திக் கத்தி, இப்ப மையத்து எடுக்கிற வீட்டுலயும் இப்பிடித்தான் வருது. பொண்டாட்டி ஏசுவா. பின்னால படுத்திருக்கிற ஆக்கள் எழும்பினாலும் குத்தமில்ல, பகல்தானே.

ஓம், பேர் சொன்னன்தானே. மீரா சாஹிபு. ரோவில் எண்ட ஊர்ல இருக்கன். பேரச் சொன்ன உடனே நீங்க ஒரு மாதிரிப் பாத்தீங்க, அது எனக்கு விளங்கிச்சு. நோயல் சொல்லியிருப்பாரு. காணிய உங்களுக்கு விக்கக்குள்ள பம்பு எப்பிடி ஸ்டார்ட் பண்றது, பாம்பு எந்தப் பக்கம் படுக்கிறது எண்டெல்லாம் சொல்லித் தந்திருப்பாரு. அதோட சேத்து, சாஹிபு எண்டு ஒருத்தன் வருவான், விடாதீங்க, கேற்றத் திறந்து போட்டுட்டுப் போறவன் எண்டும் சொல்லியிருப்பாரு. ஆ. சொன்னாரா. நான் சும்மா ஒரு குத்துமதிப்புலதான் சொன்னன். உங்கட வாயால கேக்கக்குள்ள நெஞ்சு ஒரு மாதிரித்தான் இருக்கு.

இல்ல, சொன்னது நல்லம். இனி எனக்கும் சுத்தி வளைக்கத் தேவல்ல.

நான் வந்தது ஒரு மரைக்கு. ஒண்டே ஒண்டு. மகள் மிஸ்னாக்கு அடுத்த மாசம் நிக்காஹ். சின்னதுல இருந்தே அவளுக்கு இந்தக் குன்றுல சுட்ட மரை இறைச்சி எண்டா உசிரு. வலிமாக் கலியாண விருந்துக்கு நோயல்ட மலையில இருந்து ஒரு மரை கொண்டு வாறன் எண்டு அவளுக்குச் சொல்லி வெச்சிருந்தன். அது இந்தச் சங்கடமெல்லாம் வாறதுக்கு முந்தி. நீங்க யாழ்ப்பாணம்தானே, மரையக் கண்டிருக்க மாட்டீங்க. நம்மட அம்பாறைக் காட்டுப் பக்கம் நிக்கும், மான் இனம்தான், ஆனா மாடு மாதிரி உசரம். இந்த வெள்ளக்காரன்ட நாட்டுல நிக்கிறதுகளையும் அந்தக் காலத்துல நம்மட நாட்டுலயிருந்தும் இந்தியாவுலயிருந்தும் கப்பல்ல கொண்டு வந்து விட்டவங்களாம். முதல் தடவ இந்தக் குன்றுல ஒண்ட நேருக்கு நேர் கண்டப்ப எனக்குச் சிரிப்பு வந்திட்டு. நீயும் இங்கயா வந்து சேந்தாய் எண்டு கேட்டன்.

ஆனா டொக்டர், மரையக் கண்டா மட்டும் போதாது. அது நிக்கிற காணி ஒருத்தன்ட. அவன்ட வாசல்ல போய் நிண்டு கேக்கோணும். அந்தக் கேக்கிறது இருக்கே, அது சுடுறதவிடக் கஷ்டம். ஊர்ல எண்டா ஆரையாவது தெரிஞ்சவனப் பிடிச்சுச் சொல்ல வெப்பம். இங்க தெரிஞ்சவன் ஆரு? துவக்கு லைசன்ஸ் எடுத்தாச்சு, மான் சுடுற லைசன்ஸும் எடுத்தாச்சு, போறதுக்கு ஒரு அடி நிலமில்ல. சனிக்கிழமையில லைலாவையும் ஏத்திக்கிட்டு இந்த வொரகல் பக்கம் வந்து வீடு வீடாக் கேட்டுத் திரிஞ்சன். லைலா என்ட பொண்டாட்டி.

அதுக்கெண்டு ஒரு முறை இருக்கு. பகல்ல போகோணும். துவக்கக் காருல கூட வெச்சிருக்கப்படாது. பச்சை பச்சையாப் பட்டாளத்து உடுப்புப் போட்டுட்டுப் போகப்படாது, பாத்த உடனே கதவச் சாத்திடுவாங்க. பொம்புளை ஒருத்தி கூட நிண்டா கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும், அதான் லைலாவக் கூட்டிட்டுப் போனது. அதுவும் எல்லா இடத்துலயும் சரிவரல்ல. ஒரு கிழவி லைலாட முக்காட்டக் கண்டிட்டு, எங்களுக்கு ஏற்கனவே சேர்ச் இருக்கு, தாங்க்யூ எண்டு சொல்லிட்டு உள்ளுக்குப் போயிட்டா. மதம் பரப்ப வந்த ஆக்கள் எண்டு நினைச்சிட்டா. நாங்க ரெண்டு பேரும் காருக்குள்ள இருந்து வயிறு நோகச் சிரிச்சம். பொறகு லைலா அழுதா. ஏன் மனுசா இப்பிடிப் பிச்சை எடுக்கிற மாதிரித் திரியோணும், கடையில இறைச்சி இல்லயா எண்டு கேட்டா.

அதுக்கு என்ன சொல்ற? கடையில இறைச்சி இருக்கு. ஆனா நம்மள நம்பி ஒருத்தன் தன்ட காணிக்குள்ள துவக்கோட விடுறானே, அது கடையில இல்ல. வந்து எத்தினையோ வருஷமா பஸ்ஸுல பக்கத்து சீட்டுல இருக்க யோசிக்கிற ஆக்கள் இருக்கிற ஊர் இது. அதுல ஒருத்தன் தன்ட மாட்டுப்பட்டிக்குள்ள உன்னத் துவக்கோட போ எண்டா, அது பாஸ்போட் மாதிரி எனக்கு. சும்மா பெருமைக்குச் சொல்லல்ல.

நோயல் முதல்ல இல்ல எண்டுதான் சொன்னாரு. டிராக்டருக்குக் கீழ படுத்துக்கிட்டே சொன்னாரு, முகத்தக் கூடக் காட்டல்ல. ரெண்டாம் முறை போனப்பவும் இல்ல. லைலா வட்டிலப்பம் செஞ்சு கொண்டு வந்து குடுத்தா, அத வாங்கிட்டும் இல்ல எண்டாரு. மூணாம் முறை போகக்குள்ள காத்துக்கு மரம் ஒண்டு விழுந்து அந்தக் கீழ் வேலி நசிஞ்சு கிடந்திச்சு. அவர் தனிய நிண்டு இழுத்துக்கிட்டிருந்தாரு. நான் ஒண்டும் கேக்கல்ல. கைச்சட்டைய மடிச்சிட்டு மற்றப் பக்கம் பிடிச்சன். பொழுதுபட வேலி நிமிந்திட்டு. அப்பதான் கேட்டாரு, நீ சுட்டா பொறகு என்ன செய்வாய் எண்டு.

நான் ஹலால் விஷயத்தச் சொன்னன். சுடுறதுக்கு முந்தி அல்லாஹ்ட பேரச் சொல்லுவன், உசிரு இருந்தா அறுப்பன், உசிரக் குடுத்தவன்ட பெர்மிஷன் இல்லாம எடுக்கேலாது எண்டு. அவர் கொஞ்சம் யோசிச்சிட்டு, அப்ப நான் ரெண்டாவதா எண்டாரு. நான் சொன்னன், இல்ல நோயல், நீதான் முதல். கேற் உன்டது. கேற்றத் தாண்டினாத்தானே நான் அவன்ட்டக் கேக்கலாம். மனுசன் அப்பிடிச் சிரிச்சாரு. அண்டைக்குத்தான் வட்டிலப்பம் இன்னும் இருக்கா எண்டும் கேட்டாரு.

ஒரே ஒரு சட்டம்தான் போட்டாரு. உள்ளுக்க இருக்கிற கேற்றெல்லாம் எப்பிடிக் கிடக்குதோ அப்பிடியே விடு. ரோட்டுக் கேற்ற மட்டும் எப்பவும் சாத்தி, சங்கிலி போடு. அவ்வளவுதான். அதுக்குப் பொறகு எத்தின வருஷம் வந்து போயிருப்பன். ஒரு நாளாவது அந்தச் சங்கிலியப் போட மறந்திருப்பனா? பாதி வழி போனப் பொறகு சந்தேகம் வந்து திரும்பி வந்து பாத்துட்டுப் போன நாளும் இருக்கு.

தேத்தண்ணியா? சரி, தாங்க. சீனி கூடப் போட்டாலும் காரியமில்ல. ...நல்லாருக்கு.

அப்பதான் ஜாஹிர் வந்தான். லைலாட தம்பி. அவ மூத்தவ, இவன் கடைசி, இடையில ரெண்டு புள்ளைகள் உசிரோட தங்காம மௌத்தாப் போனதால, இவனைக் கைக்குள்ளயே வெச்சு வளத்தவ அவ. படிக்க எண்டு வந்தான், எங்கட வீட்டுலதான் இருந்தான். கராஜத் தட்டி அறை மாதிரிச் செஞ்சு குடுத்தன். மச்சான் மச்சான் எண்டு பின்னாலயே திரிவான். துவக்குப் பிடிக்க நான்தான் பழக்கினன். லைசன்ஸுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனன். முதல் குளிருக்கு நல்ல தோல் சப்பாத்து ஒரு சோடி நான்தான் வாங்கிக் குடுத்தன், விலைய லைலாக்குச் சொல்லல்ல. முதல் நாள் நோயல்ட நாய்க்குட்டி இடது சப்பாத்துட நாடாவக் கடிச்சுத் திண்டிட்டு. நோயல் சிரிச்சுக்கிட்டு வைக்கோல் கட்டுற செம்மஞ்சள் கயித்துல ஒரு துண்ட வெட்டி, கீழ குந்தி இருந்து தன்ட கையாலயே அவனுக்குக் கோத்து விட்டாரு. அந்தக் கயித்த அவன் மாத்தவே இல்ல. அது லக் எண்டுவான்.

வேட்டைக்குப் போற ஆக்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு டொக்டர். எழுத்துல இல்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும். பெர்மிஷன் ஒருத்தன்ட எண்டா அது அவன்ட. அவன் கூட்டிட்டுப் போறவன் விருந்தாளி. விருந்தாளி தனிய அந்தக் காணிக்காரனுக்குப் போன் எடுக்கப்படாது, தனிய வரப்படாது. நான் அவன விருந்தாளியா வெச்சிருக்கல்ல, அதுதான் என்ட மடத்தனம். புள்ளை மாதிரி வெச்சிருந்தன். நோயல்ட நம்பரையே நான்தான் குடுத்தன்.

அண்டைக்கு ரெண்டு காருல வந்தம். எனக்குப் பின்னேர ஷிப்ட், நான் வெள்ளனப் போயிட்டன். ரோட்டுக் கேற்றச் சாத்தி, சங்கிலி போட்டுட்டுத்தான் போனன். ஜாஹிர் நிண்டான், இன்னும் கொஞ்ச நேரம் பாத்திட்டு வாறன் எண்டு. அவன் போகக்குள்ள அதத் திறந்தபடி விட்டுட்டுப் போயிட்டான். கண்டு போட இருந்த மாடு ஒண்டு ரோட்டுக்குப் போயிட்டு. பால் கொண்டு போற பவுசர் லொறி அடிச்சிட்டு. உசிரு போகாமக் கிடந்திருக்கு. நோயல்தான் துவக்க எடுத்துட்டுப் போய்... அவர் தான் வளத்த மாட்டச் சுட்ட மனுசன். வயித்துக்குள்ள கண்டு.

அடுத்த நாள் எங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாரு. இந்தா, இந்த இடத்துலதான் நிண்டம். இதே விறாந்தை. அவர் கத்தல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. கடைசியாப் போனது ஆரு?

ஜாஹிர் என்னப் பாக்கல்ல. நோயல்ட முகத்த நேரப் பாத்து இங்கிலிஷ்ல சொன்னான், நான் முதல் போயிட்டன், பிரதர் இன் லோதான் பின்னால வந்தாரு எண்டு.

எனக்கு நல்லா விளங்கிச்சு. விளங்கினாப் பொறகும் நான் வாயத் திறக்கல்ல. ஏன் எண்டு நீங்க கேக்கிறது நியாயம். எல்லாரும் அதத்தான் கேக்காங்க. டொக்டர், நீங்களும் நம்மட ஆள்தானே, உங்களுக்குச் சொன்னா விளங்கும். ஒரு வெள்ளக்காரன் முன்னால நிண்டு, மச்சானும் மச்சானும் நீயா நானா எண்டு வீட்டுச் சண்ட போடுறதா? பொண்டாட்டிட தம்பியப் பாத்து, டேய் பொய் சொல்றாய் எண்டு அந்த மனுசனுக்கு முன்னால சொல்றதா? எனக்கு வாய் வரல்ல. அவனே சொல்லுவான், இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான் எண்டு பாத்துக்கிட்டு நிண்டன். நம்மட ஆக்கள்ல ஒரு பெரியவன் பேசாம நிண்டா, இவன் தம்பியக் காப்பாத்துறான் எண்டு எதிர்ல நிக்கிறவனுக்கு விளங்கும். நோயலுக்கு எப்பிடி விளங்கும்? அவங்கட முறையில பேசாம நிக்கிறவன் ஒத்துக்கிட்டவன். அவர் கொஞ்ச நேரம் என்ட முகத்தயே பாத்திட்டிருந்தாரு. நான் ஏதாவது சொல்லுவன் எண்டு காத்துக்கிட்டிருந்திருக்காரு எண்டு இப்ப விளங்குது. பொறகு, இனி வராத சாஹிபு எண்டாரு. அவ்வளவுதான். கதவச் சாத்திட்டாரு.

திரும்பிப் போகக்குள்ள காருக்குள்ள அவன் அழுதான். மச்சான், உங்களுக்கு இங்க பேர் இருக்கு, உங்கள மன்னிச்சிருவாரு எண்டு நினைச்சன், என்னையெண்டா மன்னிக்க மாட்டாரு எண்டான். நான் என்ன செஞ்சன் தெரியுமா? வழியில கடையில நிப்பாட்டி அவனுக்குக் கோப்பி வாங்கிக் குடுத்தன். ஒரு கிழமை போகட்டும், ரெண்டு பேரும் போய் உண்மையச் சொல்லுவம் எண்டன். தலைய ஆட்டினான்.

ஒரு கிழமை இல்ல, மாசக்கணக்காப் போச்சு. கேட்டா, நோயல் ஊர்ல இல்ல மச்சான், நோயலுக்குச் சுகமில்ல மச்சான் எண்டு ஏதாவது சொல்லுவான். ஒரு நாள் வேலை விட்டு வந்து சாப்பிட இருந்தன். லைலா சோத்துக்கு இறைச்சி ஆணம் வெச்சிருந்தா. நல்லாத் திண்டன். மரை. வாயில வெச்ச உடனே தெரியும்தானே. எங்காலடி எண்டு கேட்டன். தம்பி கொண்டு வந்தான், நோயல்ட காணியில சுட்டதாம் எண்டு குசினியில இருந்தே சொன்னா. சாதாரணமாச் சொன்னா. டொக்டர், தட்டத் தள்ளி வெச்சிட்டன். என்ன வரவேணாம் எண்டு சொன்ன காணிக்குள்ள அவன் போய் வந்துக்கிட்டு இருக்கான். என்ட பேரக் கொண்டு போய்க் குழிக்குள்ள போட்டுட்டு, அதுக்கு மேல நிண்டு சுட்டுட்டு, அந்த இறைச்சியக் கொண்டு வந்து என்ட வீட்டுலயே குடுத்திருக்கான். நானும் திண்டிட்டன்.

அண்டைக்குத்தான் லைலாக்கு உண்மையச் சொன்னன். அவ என்ன கேட்டா தெரியுமா? அப்ப நோயலுக்கு முன்னால ஏன் பேசாம நிண்டீங்க எண்டு கேட்டா. உங்கள்ல பிழை இல்லயெண்டா வாய் இருந்திருக்குமே எண்டா. ஜாஹிர் எனக்கு முந்தியே அவட்டச் சொல்லி வெச்சிருந்திருக்கான். மச்சான் மறந்து போய் விட்டுட்டாரு, வெக்கத்துல எனக்கு மேல கோவிக்காரு, நீங்க ஒண்டும் கேக்காதீங்க எண்டு. வெள்ளக்காரன் நம்பாட்டிப் பரவாயில்ல டொக்டர். கூடப் படுத்தெழும்புற பொண்டாட்டி, இருவத்தஞ்சு வருஷமா ராவுல அடுப்ப ஒருக்காப் பாத்துட்டு, கதவ ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டுப் படுக்கிறவன் நான் எண்டு தெரிஞ்சவ, அவ என்னப் பாத்துக் கேக்கா. அந்தக் கதை வெளிய வந்த கையோட தம்பி எங்கட வீட்டை விட்டுப் போனதும் என்னாலதானாம். மகள்ட நிக்காஹ்வுக்கு ஒரே மாமா வராம இருந்தா அதுவும் என்னாலதானாம்.

எனக்குக் கோவம் வரல்ல எண்டு சொன்னாப் பொய். கை வெச்ச இடமெல்லாம் கோவம். ஆனா கோவத்த விட, நான் ஏமாந்து போனன் எண்ட நினைப்புத்தான் தொழுகையில நிக்கக்குள்ளயும் வருது.

சரி டொக்டர். தேத்தண்ணிக்கு நன்றி. வெளிக்கிடுறன்.

இல்ல, வேணாம். நீங்க தாறன் எண்டு சொன்னதே பெரிய விஷயம், ஆனா எனக்கு மரை வேணாம். கேக்கத்தான் வந்தன், அது பொய்யில்ல. இந்தப் படியில ஏறும் வரைக்கும் அதுதான் எண்ணம். ஏறி உங்கட சப்பாத்துத் தட்டப் பாத்தப் பொறகு வேணாம் எண்டு போச்சு. கீழ்த் தட்டுல, உங்கட மிஸிஸ்ட செருப்புக்குப் பக்கத்துல ஒரு சோடி தோல் சப்பாத்து. இடதுல செம்மஞ்சள் கயிறு.

உள்ளுக்குத் திரும்பிப் பாக்கத் தேவல்ல. உங்கள்ல ஒரு பிழையுமில்ல. வீட்டுக்கு வந்தவன நீங்க எப்பிடிக் காட்டிக் குடுக்கிற? நீங்க காணிய வாங்கின கையோட அவன் வந்து கேட்டிருப்பான். கேக்கிற முறைய நான்தானே பழக்கினது. பகல்ல வந்திருப்பான், துவக்கில்லாம வந்திருப்பான், பெட்டியில ஏதும் இனிப்பும் கொண்டு வந்திருப்பான்.

இன்னொண்டு, எனக்குக் காது நல்லாக் கேக்கும். கம்பனியில காதுக்கு மூடி தாறாங்க. நான் சத்தமாக் கதைச்சது உங்களுக்கில்ல.

அவன்ட்ட நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல, எல்லாம் கேட்டிருக்கும். நிக்காஹ்வுக்கு வாறதும் வராததும் அவன்ட விருப்பம். மாமா எண்டு மிஸ்னா இடம் வெச்சிருக்கா. என்ட்ட மன்னிப்புக் கேக்கவும் வேணாம், நோயல் இப்ப ஆளத் தெரியாத நிலமையில நேர்சிங் ஹோமுல கிடக்காரு, அவருக்குச் சொல்லியும் பிரயோசனமில்ல. அவன் தன்ட கூடப்பிறந்த தாத்தா லைலாட்டப் போய், அந்தக் கேற்றத் திறந்து விட்டது ஆரு எண்டு தன்ட வாயால ஒருக்காச் சொன்னாப் போதும். அவ நம்புறது அவன்ட வாயத்தான்.

நான் போறன். நீங்க இருங்க, கேற் வரைக்கும் வரத் தேவல்ல. ஆ, கேற் எண்டதும்தான் ஞாபகம். சாத்திட்டு வந்தன் எண்டு சொன்னன்தானே. நான் வரக்குள்ள அது விரியத் திறந்து கிடந்திச்சு டொக்டர். உங்கட மாட்டுக் கண்டு ரெண்டு ரோட்டுக் கரையில புல்லு மேஞ்சிக்கிட்டு நிண்டிச்சு. ரோட்டோரக் கானுக்குள்ள, சேத்துல இறங்கித் துரத்தி, உள்ளுக்க விட்டுட்டுத்தான் சாத்தினன். அதுலதான் இந்தச் சப்பாத்து இப்பிடிச் சேறாப் போச்சு.